1.4 டிகிரியா, 4.4 டிகிரியா? நூற்றாண்டு இறுதிச் சூட்டை எப்படிக் கணிக்கிறார்கள்

ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த நூற்றாண்டின் கடைசி 20 ஆண்டுகளுக்கு ஒரு எண் இல்லை, ஐந்து இருக்கின்றன: 1.4, 1.8, 2.7, 3.6, 4.4 டிகிரி செல்சியஸ். 1850–1900 காலத்தைவிட உலகச் சராசரி வெப்பநிலை இவ்வளவு கூடியிருக்கும் என்று பொருள். இதைப் பார்த்து 'விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை' என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. ஐந்து எண்களும் ஐந்து வெவ்வேறு உமிழ்வுப் பாதைகளுக்கான, அதாவது இனி எவ்வளவு வாயு வெளியேறும் என்ற ஐந்து அனுமானங்களுக்கான, விடைகள். நாம் எவ்வளவு நிலக்கரியும் எண்ணெயும் எரிப்போம் என்பதை இயற்பியல் சொல்லாது.

அதைத் தாண்டியும் ஒரு ஐயம் மிஞ்சுகிறது. வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 560 ஆக இரட்டித்தால், அந்த வாயுவால் மட்டும் ஏறுவது 1.2 டிகிரி அளவுதான். ஆனால் ஒரு டிகிரி கூடினால் காற்று 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். நீராவியும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வெண்பனி உருகினால் கருநிறக் கடலும் மண்ணும் வெயிலை உள்வாங்கும். எல்லாம் சேர்ந்து நாளடைவில் 3 டிகிரி, பெரும்பாலும் 2.5க்கும் 4க்கும் இடையில்.

இந்த இடைவெளிக்கு முதல் காரணம் மேகம். கணினி மாதிரி வளிமண்டலத்தைச் சுமார் 100 கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் சிறு சிறு காலப்படிகளாகக் கணக்கிட்டுக்கொண்டே போகிறது. கடலுக்கு மேல் தாழ்வாக மிதக்கும் ஒரு மேகத் துண்டு ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அது கட்டத்துக்குள் தொலைந்துவிடும். அதனால் 'இந்தக் கட்டத்தில் இத்தனை பங்கு மேகம்' என்று தோராயச் சூத்திரத்தால்தான் நிரப்புகிறார்கள். தாழ்வான மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும். சூடேறும்போது அது எவ்வளவு குறையும் என்பதில் மாதிரிகள் ஒத்துப்போவதில்லை. புதிய மாதிரிகளில் சில, இரட்டிப்புக்கு 5 டிகிரிக்கு மேல் காட்டின. அவற்றில் பல, ஏற்கெனவே அளந்த வெப்ப ஏற்றத்தையே மிகையாகக் காட்டியதால், ஐபிசிசி எல்லா மாதிரிகளின் நேரடிச் சராசரியை ஏற்கவில்லை. அளவீடுகளோடு ஒப்பிட்டுத் திருத்தியே மேற்கண்ட எண்களைத் தந்தது. சரியான முடிவு அது.

இன்னொன்று: இவை நிலமும் கடலும் சேர்ந்த சராசரி. மனிதர் வாழும் நிலம் அதைவிட வேகமாகச் சூடாகும்.

மிக உறுதியான கணக்கு எளிமையானது. 1,000 பில்லியன் டன் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றினால் சூடு சுமார் 0.45 டிகிரி ஏறும். அதன் உமிழ்வு நிகர பூஜ்ஜியத்தைத் தொட்டால், அதாவது வெளியேற்றும் அளவும் காற்றிலிருந்து நாம் அகற்றும் அளவும் சமமானால், ஏற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். ஏறிய சூடு மட்டும் பல நூற்றாண்டுகளுக்கு இறங்காது.