டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே கேளுங்கள்

"ஏம்மா, கார்டுல அஞ்சு லட்சம் இருக்குங்கறாங்களே, அதுல கொஞ்சம் எடுத்து வீட்டுல ஆள் வச்சுப் பார்க்க முடியாதா?" மதுரையில் மருத்துவச் சமூகப் பணியாளராக இருக்கும் என்னிடம் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்பது இதுதான். அதுவும் பக்கவாதம் வந்த அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போகிற நாளில்.

முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. ஆனால் அந்தப் பணம் நம் கைக்கு வராது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, மருத்துவமனைக்கே போகும். 70 வயது ஆனவர்களுக்கு 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த ஆயுஷ்மான் வய வந்தனா மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அப்படித்தான். அதற்கு வருமான வரம்பு மட்டும் கிடையாது. டயபர், ஏர் பெட், ஹோம் நர்ஸ் சம்பளம் எதுவும் இவற்றில் வராது. அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கொள்ளலாம் என்று நம்பி நகையை அடகு வைக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

வீடு தேடி வரும் உதவி வேறு திட்டத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்றால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை என்றே பலரும் நினைக்கிறார்கள். இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) தருபவரும், படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிக்கும் செவிலியரும் அதில் உண்டு, கட்டணமில்லாமல். மாத்திரை வாங்கும் குடும்பங்களே இவர்களைக் கேட்பதில்லை! டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். செவிலியர் தினமும் வரமாட்டார். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, டியூப் வழியாக உணவு கொடுப்பது எல்லாவற்றையும் வார்டிலேயே வீட்டார் இரண்டு பேராவது கற்றுக்கொண்டு போங்கள். படுக்கைப்புண் முற்றினால் திரும்பவும் அட்மிஷன்தான்.

கை கால் தேறாவிட்டால் மாற்றுத்திறனாளி சான்று வாங்குங்கள். பாதிப்பு 75 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆள் வைக்க அது காணாது, டயபர் செலவுக்காவது ஆகும்.

சரி, மகன்கள் ஒதுங்கிக்கொண்டு, மகள் ஒருத்தியே எல்லாவற்றையும் சுமக்கிறாள் என்றால்? 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) அப்பாவே மனு கொடுக்கலாம். பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை தரவேண்டும் என்று உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மனு எழுதத் தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் வழி கேளுங்கள்.