அப்ரண்டிஸா அனுப்புறோமா, சித்தாளா அனுப்புறோமா?

போன வருஷம் ஆகஸ்ட்ல ஒரு நாள் சாயங்காலம், என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் வீட்டு வாசல்ல வந்து நின்னான். "சார், அந்த வேலைய விட்டுட்டேன்"னான். சேர்ந்து 17 நாள்தான் ஆச்சு. நல்லா படிக்கிற பையன், பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவுல ஸ்கூல்ல ரெண்டாவது மார்க். உக்கார வச்சு டீ குடுத்து மெதுவா கேட்டேன். அழுகைய அடக்கிக்கிட்டு சொல்றான், மேஸ்திரி "ஏழடி நாலங்குலம் ரெண்டு நூல், மார்க் போடு"ன்னு சொல்லியிருக்காரு, இவனுக்கு நூல்னா என்னன்னே தெரியல, டேப்பையே பாத்துக்கிட்டு நின்னிருக்கான், சுத்தி இருந்தவங்க எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் அவன் கைல யாருமே டேப் குடுக்கல, கல் எடுத்துக் குடு, கலவை தூக்குன்னே ரெண்டு வாரம் ஓடியிருக்கு.

நூல்ங்கிறது ஒரு அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அவ்ளோதான். அஞ்சு நிமிஷத்துல நான் சொல்லிக் குடுத்திருக்கலாம், குடுக்கல. புஸ்தகத்துல எல்லாமே மில்லிமீட்டர், நானும் அப்படியே நடத்திட்டுப் போயிட்டேன். 9 வருஷம் சைட்ல சூப்பர்வைசரா இருந்துட்டு வாத்தியார் வேலைக்கு வந்தவன் நான், தினமும் நூல் கணக்குல பேசுன ஆளு, எனக்கே அது தோணல. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்தப் பையன அப்ரண்டிஸ்னு சொல்லி அனுப்புனோம், போன இடத்துல சித்தாள் ஆயிட்டான்.

சித்தாள் வேலைய நான் குறைச்சுப் பேசல, அந்த உழைப்பு இல்லாம ஒரு கட்டடமும் எழும்பாது. ஆனா சித்தாள் போறது கூலிக்கு, அப்ரண்டிஸ் போறது கத்துக்க. 1961ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டமே அவனைத் தொழிலாளின்னு சொல்லல, பயிற்சியாளர்னு தான் சொல்லுது. இதுல ரெண்டு பக்கமும் இருக்கு. பயிற்சி முடிஞ்சதும் வேலை குடுத்தே ஆகணும்னு கம்பெனிக்குக் கட்டாயம் கிடையாது, அதே சமயம் சொல்லிக் குடுக்காம வெறுமன வேலை வாங்கவும் கம்பெனிக்கு உரிமை கிடையாது. ஓவர்டைம் கூட அப்ரண்டிஸ்ஷிப் அட்வைசர்ங்கிற அரசு அதிகாரியோட அனுமதி இல்லாம வாங்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. இதெல்லாம் தெரியாம ஒரு 17 வயசுப் புள்ள சைட்டுக்குள்ள போனா மேஸ்திரி என்ன சொல்றாரோ அதுதான் அவனுக்கு சட்டம்.

சரி, அனுப்புறதுக்கு முன்னாடி பிளஸ் ஒன், பிளஸ் டூல என்ன செய்யலாம். நான் இப்ப செய்யறத சொல்றேன். சனிக்கிழமை காலைல 8 மணிலேர்ந்து 12 மணி வரைக்கும், எங்க ஸ்கூல் பின்னாடி இருக்கிற காலி இடத்துல பசங்க நாலடி உயரத்துக்கு ஒரு செவுரு கட்டணும். சிமெண்ட் கிடையாது, சேத்துக் கலவைதான். அடுத்த வாரம் அதப் பிரிச்சு கல்லைக் கழுவி மறுபடி கட்டணும். முதல் வாரம் நெளிஞ்சு போய்தான் நிக்கும், தூக்குக்குண்டு விட்டுப் பாத்தா மேலயும் கீழயும் ரெண்டு அங்குலம் வித்தியாசம். ஆறாவது வாரத்துல அவங்களே குண்டு விட்டுட்டு "சார் ரெண்டு நூல் வெளிய இருக்கு"ன்னு சொல்லுவாங்க பாருங்க, அப்ப எனக்கு உள்ளுக்குள்ள நெறஞ்சு போகும்.

இதச் சொல்லிக் குடுக்க வர்றது நான் இல்ல, ஒரு பையனோட அப்பா. 25 வருஷமா கொத்தனார். முதல்ல கூப்பிட்டப்ப வரவே மாட்டேன்னாரு, "பள்ளிக்கூடத்துல வந்து நான் என்னங்க சொல்லப் போறேன், நான் அஞ்சாவது கூட தாண்டல"ன்னாரு. கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். வந்தவரு நாலு குச்சிய நட்டு, கயிறு கட்டி, ஒரு பக்கம் மூணடி ஒரு பக்கம் நாலடி அளந்து, குறுக்க அஞ்சடி வருதான்னு பாத்து "இப்ப மூலை மட்டமா இருக்கு"ன்னாரு. ஒரு பொண்ணு சட்டுனு "சார் இது பிதாகரஸ் தேற்றம்"னா. அவருக்கு பிதாகரஸ் யாருன்னு தெரியாது, பசங்களுக்கு அந்தத் தேற்றம் எதுக்குன்னு அது வரைக்கும் தெரியாது. பசங்க எல்லாம் அவர சார் சார்னு கூப்பிட்டாங்க. தன் பையன் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாதுன்னு பிடிவாதமா இருந்தவரு, மூணாவது வாரம் முடிஞ்சு கை கழுவிக்கிட்டே என்கிட்ட கேட்டாரு, "இதுக்கு நல்ல படிப்பு எதுங்க சார்"னு.

கணக்கையும் சைட்டுக்குத் தகுந்த மாதிரி மாத்திக் கேக்குறேன். கம்பியோட விட்டத்த மில்லிமீட்டர்ல எடுத்து, அதே எண்ணால பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துடும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, ஒரு முழுக் கம்பி 12 மீட்டர், அப்ப சுமார் பத்தே முக்கா கிலோ. லோடு வந்து இறங்குனதும் எண்ணிக்கையையும் எடையையும் ஒப்பிட்டுப் பாக்கத் தெரிஞ்ச பையன எந்த இன்ஜினியரும் கல் தூக்க விட மாட்டாரு. அதே மாதிரி நாலு அங்குல கழிவுநீர்க் குழாய்க்கு 40க்கு 1 வாட்டம் (சரிவு)னு புஸ்தகத்துல இருக்கும், பத்தடிக்கு எத்தனை அங்குலம் இறக்கணும்னு கேட்டா பாதிப் பேரு முழிப்பாங்க (3 அங்குலம்). ஹீட்டர் 2000 வாட், 230 வோல்ட், எத்தனை ஆம்பியர் இழுக்கும், அதுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் போடலாமா 2.5 போடணுமான்னு கேளுங்க, ஒரு வருஷம் நடத்துன மின்சாரப் பாடம் அந்த ஒரு கேள்விலயே உசுரோட வந்து நிக்கும்.

அப்புறம் பாதுகாப்பு. ஹெல்மெட் போடு, ஷூ போடுன்னு போஸ்டர் ஒட்டுறது சுலபம். கஷ்டமானது என்னன்னா, பெரியவங்க சொன்னா மறுத்துப் பேசாதேன்னே நாம வளத்த புள்ளைக்கு, "அண்ணே, சாரம் ஆடுது, கட்டிட்டு ஏறுறேண்ணே"ன்னு சொல்லப் பழக்கறது. இத நான் நடிக்க வச்சே பழக்கறேன், ஒருத்தன் மேஸ்திரி, ஒருத்தன் அப்ரண்டிஸ். முதல்ல வெக்கப்பட்டு சிரிப்பாங்க, அப்புறம் சீரியஸா ஆயிடுவாங்க, ஏன்னா கிளாஸ்ல மூணு பேராவது வீட்டுல யாரோ ஒருத்தர் சாரத்துலேர்ந்து விழுந்ததப் பாத்தவங்களா இருப்பாங்க. திட்டாம மரியாதையா மறுக்கலாம்னு தெரிஞ்சுக்கிட்டாலே போதும். வயசு விஷயமும் இருக்கு, 14 முடிஞ்சா அப்ரண்டிஸா சேரலாம், ஆனா அபாயகரமான தொழில்னு வகைப்படுத்துனதுக்கு 18 முடிஞ்சிருக்கணும். பிளஸ் டூ முடிக்கறப்ப நெறைய பேருக்கு 17 தான், அதனால எந்த வேலைக்கு எடுக்கறாங்கன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

காகிதம் இல்லாம அனுப்பாதீங்க, தயவு செஞ்சு. ஒப்பந்தம் போட்டு அது பதிவாகியிருக்கணும், 18 ஆகலன்னா அப்பாவோ அம்மாவோ காப்பாளரா கையெழுத்துப் போடணும். என்கிட்ட படிச்ச இன்னொரு பையன், ஒரு கம்பெனில எட்டு மாசம் வேலை பாத்தான், அப்ரண்டிஸ் அப்ரண்டிஸ்னு தான் கூப்பிட்டாங்க, கடைசில பாத்தா அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தப் பதிவு பண்ற அரசு போர்ட்டல்ல அவன் பேரே இல்ல. எட்டு மாசம் போனது போனதுதான். பேரு பதிவாகியிருந்தா பயிற்சில அடிபட்டாலும் நஷ்டஈடு கேக்க சட்டத்துல வழி இருக்கு, முடிச்சா சர்டிபிகேட் இருக்கு. 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும்னு விதி இருக்கு, மொத்த ஆளுங்கள்ல 2.5லேர்ந்து 15 சதவீதம் வரைக்கும். அதனால அவங்க நமக்கு ஏதோ தர்மம் பண்ற மாதிரி நெனச்சுக்கிட்டுத் தயங்கி நிக்க வேண்டாம், தைரியமா கேளுங்க.

பணம். இதப் பேசாம எழுதுனா அது நேர்மை இல்ல. 2019 விதிப்படி பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு முதல் வருஷம் குறைஞ்சபட்ச ஸ்டைபண்ட் மாசம் 7000 ரூபா. இத ஏத்தணும்னு 2025ல மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் பரிந்துரை பண்ணியிருக்கு, கையெழுத்துப் போடற அன்னிக்கு என்ன தொகைன்னு போர்ட்டல்ல பாத்துக்கோங்க. எங்க பக்கம் சித்தாள் வேலைக்கே ஒரு நாளைக்கு 600, 700 கிடைக்குது, பன்னண்டு நாள்ல அந்த 7000 வந்துடும். அப்பா இல்லாத வீட்டுப் புள்ளகிட்ட போய் நீ அப்ரண்டிஸா இருன்னு சொல்றப்ப எனக்கே நாக்கு எழும்பாது. ஆனா பத்து வருஷம் கழிச்சும் அதே சித்தாள் கூலில நிக்கறவங்களையும் நான் பாத்திருக்கேன், கைல தொழிலும் சர்டிபிகேட்டும் இருக்கறவன் அதே பத்து வருஷத்துல சொந்தமா ஆள் வச்சு வேலை எடுக்கறதையும் பாத்திருக்கேன். முடியாத வீடுகளுக்கு நான் சொல்றது, முதல்ல அரசு ஐடிஐ பாருங்க. பிளம்பர், வெல்டர் ஒரு வருஷம், எலக்ட்ரீஷியன் ரெண்டு வருஷம். மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு, அரசுப் பள்ளில படிச்ச பிள்ளைகளுக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வரும். முடிச்சுட்டு அப்ரண்டிஸா போகலாம். தொழிற்கல்விப் பிரிவுல படிச்சவங்க நேராவும் போகலாம், அவங்களுக்குன்னே ஒரு வருஷ அப்ரண்டிஸ் பயிற்சி இருக்கு, சென்னை தரமணில இருக்கிற தென்மண்டல பயிற்சி வாரியம் பாத்துக்கறது. பாலிடெக்னிக்ல நேரடி ரெண்டாம் வருஷம் சேர்ற வழியும் இருக்கு, கதவு எதுவும் அடைபடல.

பொண்ணுங்க விஷயத்த தனியா சொல்லியாகணும். நம்ம ஊரு சைட்ல பொம்பளைங்க இல்லாம வேலையே நடக்காது, கலவை கொண்டு வர்றது, தண்ணி ஊத்தறது எல்லாம் அவங்கதான். ஆனா முப்பது வருஷம் சித்தாளா இருந்த ஒரு அம்மா கைல கரணையக் குடுத்து ஒரு வரி கட்டுன்னு சொன்ன மேஸ்திரிய என் 9 வருஷத்துல நான் பாக்கல. அவங்களுக்கு வேலை தெரியாதுன்னு நெனைக்கறீங்களா, செவுரு எங்க நேரா இல்லாம வளையுதுன்னு தூரத்துலேர்ந்தே சொல்லிடுவாங்க. அதனால சனிக்கிழமை செவுரு கட்டறப்ப பொண்ணுங்க கரணை பிடிப்பாங்க, பசங்க கலவை தூக்குவாங்க, அடுத்த வாரம் மாத்திக்கணும். பிதாகரஸ் சொன்ன அந்தப் பொண்ணு இப்ப ஐடிஐல எலக்ட்ரீஷியன் படிக்குது, பாதுகாப்பான பஸ், தனி டாய்லெட் ரெண்டும் இருக்கான்னு அவங்க அம்மா ஐடிஐக்கே போய்ப் பாத்துட்டுதான் சேத்தாங்க. அப்ரண்டிஸா அனுப்பற சைட்லயும் அதே ரெண்டையும் பாருங்க, கேக்கறதுக்கு சங்கடப்படாதீங்க.

கடைசியா ஒரு நோட்டு. இப்ப நான் அனுப்பற ஒவ்வொரு புள்ளைக்கும் 40 பக்க நோட்டு ஒண்ணு குடுக்கறேன். தினமும் மூணு வரி எழுதணும், இன்னிக்கு என்ன வேலை செஞ்சேன், எந்த சாமான் பிடிச்சேன், யாருகிட்ட என்ன கேட்டேன். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும். இந்த வருஷம் ஒரு பையன் அனுப்பியிருந்தான், "கம்பி இறக்கினேன்", "கம்பி இறக்கினேன்", "கம்பி தூக்கினேன்", மூணாவது வரி தினமும் காலி. அடுத்த நாளே லீவு போட்டு அந்த நோட்டு பக்கங்கள பிரிண்ட் எடுத்துக்கிட்டு சைட் இன்ஜினியரப் போய்ப் பாத்தேன். சண்டை எல்லாம் போடல, அவரு மேசைல வச்சேன், ஒப்பந்தத்துல இருந்த பயிற்சி அட்டவணையையும் பக்கத்துல வச்சேன். அவரு ரெண்டையும் படிச்சுப் பாத்துட்டு மேஸ்திரியக் கூப்பிட்டாரு. திங்கக்கிழமை ராத்திரி பையன்கிட்டேர்ந்து போட்டோ வந்துச்சு: "8 எம்எம்ல ரிங் வளைச்சேன், 34. பெண்டிங் சாவி. கொக்கிக்கு எவ்ளோ நீளம் விடணும்னு மாரி அண்ணன்கிட்ட கேட்டேன்."