இழைமணிக் குருதிக்குழாய் நோய்

அறிக்கைத் தாளில் ‘மைட்டோகாண்ட்ரியல் ஆஞ்சியோபதி’ என்று இருக்கும். வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் வீட்டார் இதை ‘நரம்புப் பிரச்சினை’ என்றே சொல்வார்கள். ஊசி போடும் சிரையும் நம் பேச்சில் நரம்புதான் என்பதால் வரும் குழப்பம் இது. நோய் இருப்பது இரத்தம் ஓடும் குழாயின் சுவரில்.

கிரேக்கத்தில் ‘மைட்டோஸ்’ நூல், ‘காண்ட்ரியான்’ சிறுமணி. உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் இந்த நுண்ணுறுப்புகள் நூலாகவும் மணியாகவும் தெரிந்ததால் 1898-இல் கார்ல் பெண்டா இட்ட பெயர். ‘இழைமணி’ அதற்கு அப்படியே பொருந்துகிறது. ‘ஆங்கெயோன்’ கலம் அல்லது நாளம், ‘பாத்தோஸ்’ துன்பம். ‘இரத்தநாளக் கோளாறு’ என்றாலும் பிழையில்லை. ‘அடைப்பு’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது.

ஏனென்றால் வழக்கமான பக்கவாதத்தில் பெரும்பாலும் ஒரு தமனி அடைபடும். இங்கே சிறு தமனிகளின் தசையணுக்களிலும் உட்படலத்திலும் பழுதான இழைமணிகள் குவிகின்றன. தசைத் துணுக்கில், இழைமணி நொதியைக் காட்டும் எஸ்.டி.எச். சாயம் ஏற்றினால் குழாய்ச் சுவர் அடர்நீலமாகப் பிடிக்கும். குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது. வேண்டிய நேரத்தில் குழாய் விரியாது. மூளையணுவுக்கும் ஆற்றல் போதாமல் இருப்பதால் இரண்டு அடியும் ஒன்றாக விழுகின்றன. எம்.ஆர்.ஐ.யில் காயம் பெரும்பாலும் பிடரிப் பக்கம், எந்த ஒரு தமனியின் எல்லைக்கும் அடங்காமல் இருக்கும். இளவயதில் தலைவலி, வாந்தி, ஃபிட்ஸ், பாதிப் பார்வை மங்கல், இரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம்) உயர்வு எல்லாம் சேர்ந்து வந்தால் ‘மெலாஸ்’ என்ற வகையை நினைக்க வேண்டும்.

மெலாஸுக்குப் பெரும்பாலும் காரணம், இழைமணி டி.என்.ஏ.வின் 16,569 எழுத்துகளில் 3243-ஆம் இடத்தில் ‘ஏ’, ‘ஜி’ ஆவது. இது தாய்வழியே மட்டும் இறங்கும். வட ஆற்காட்டுக் குடும்பங்களில் தாய்மாமனைக் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று பழி சொல்வதுண்டு. மாமனுக்கும் அந்த மாற்றம் இருக்கலாம். ஆனால் அவர் அதைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. இந்தப் பழியைத் தாய் சுமக்கத் தேவையில்லை. போல்ஜி (POLG) போன்ற, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுவில் கோளாறு என்றால் கதை வேறு. அங்கே நெருங்கிய உறவுமுறைத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும். எனவே எந்த வகை என்பதைப் பரிசோதித்துத் தெரிந்துகொள்வதே முக்கியம். 3243 மாற்றத்தின் அளவு இரத்தத்தில் வயதாக ஆகக் குறையும். சிறுநீர் அணுக்களில் நன்றாகத் தெரியும். தாய்வழி உறவில் சர்க்கரை நோயும் காது மந்தமும் சேர்ந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தாக்குதல் வந்தால் முதல் வேலை ஃபிட்ஸை அடக்குவது. ஃபிட்ஸுக்குத் தரும் மருந்துகளில் வால்ப்ரோயேட் தவிர்க்க வேண்டியது. போல்ஜி கோளாறில் அது கல்லீரலையே செயலிழக்கச் செய்யலாம். நைட்ரிக் ஆக்சைடு உருவாக அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் தேவை என்பதால் சில மருத்துவமனைகளில் அதைச் சிரைவழி ஏற்றுவார்கள். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு அரை கிராம் வழக்கமான அளவு. பலன் உறுதியாக நிரூபணமாகவில்லை. ஏற்றும்போது இரத்த அழுத்தம் இறங்கலாம், ஆகவே மருத்துவமனையில் மட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் லாக்டேட் ஏறும் அபாயத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். பெருந்தமனி விரிந்து கிழிந்த நிகழ்வுகளும் பதிவாகியிருப்பதால், எக்கோ எடுக்கும்போது இதயத்தோடு பெருந்தமனியின் அடிப்பகுதியையும் அளக்கச் சொல்லுங்கள்.