வீட்டுக் கடன் முடியாமல் ரிவேர்ஸ் மோர்ட்கேஜ் எடுக்கலாமா?

உவர்மலை, உப்புவெளி, பாலையூற்று என்று திருகோணமலையில் எந்தப் பக்கம் விசாரித்தாலும் கனடாவில் ஒரு அண்ணாவோ பெரியம்மாவோ இருப்பார்கள். அங்கே வேலையை விட்டு ஓய்ந்தவர்கள் ஊருக்குக் கோல் எடுக்கும்போது இந்தக் கேள்வி வருகிறது: "ஸ்காபரோ வீட்டுக்கு இன்னும் கடன் கட்டுறன். ரிவேர்ஸ் மோர்ட்கேஜ் தருவாங்களோ?"

தருவார்கள். ரிவேர்ஸ் மோர்ட்கேஜ் என்பது, வயதானவர்கள் தாங்கள் இருக்கும் வீட்டை விற்காமலே அதை ஈடு வைத்து, மாதாமாதம் கட்டாமல் எடுக்கும் கடன். ஆனால் பழைய கடனை வைத்துக்கொண்டு அதற்குமேல் இதையும் எடுக்க முடியாது. அந்த வீட்டை ஈடு வைத்து வாங்கிய கடன்கள் எல்லாவற்றையும் முதலில் அடைத்து மூட வேண்டும். கையில் பணம் இல்லாவிட்டால், புதிதாகக் கிடைக்கும் பணத்திலேயே அடைக்கலாம். மிஞ்சுவதுதான் உங்களுக்கு.

வீட்டு உறுதியில் பெயர் உள்ள எல்லோருக்கும் 55 வயது ஆகியிருக்க வேண்டும். வீட்டுப் பெறுமதியில் பொதுவாகக் கூடியபட்சம் 55 வீதம் வரை கிடைக்கலாம். வயது, வீடு இருக்கும் இடம், அதன் நிலை எல்லாம் பார்த்துத்தான் தொகையைச் சொல்வார்கள். பலருக்கு அதைவிடக் குறைவாகவே வரும்.

வீட்டின் பெறுமதி 9 இலட்சம் டொலர், ஒப்புக்கொண்டது 40 வீதம் என்று வைப்போம். அது 3,60,000. பழைய கடன் 2,50,000 போனால் மிச்சம் 1,10,000. அதிலும் மதிப்பீட்டுச் செலவு, சட்டத்தரணி கட்டணம் கழியும். பழைய கடனே 4 இலட்சம் என்றால் 40,000 டொலரை வேறெங்காவது தேட வேண்டும். இல்லாவிட்டால் கடன் கிடையாது. ஆகவே விண்ணப்பிக்க முன்னர் பழைய வங்கியிடம், இன்ன திகதியில் கடனை முடித்தால் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தவணைக் காலத்துக்கு முன்னர் முடிப்பதற்கான தண்டப்பணமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். வாய்க்கணக்கை நம்பாதீர்கள்.

மாதாமாதம் கட்டத் தேவையில்லை என்பது உண்மை. அந்த நிம்மதி பெரியது, மறுக்கவில்லை. ஆனால் வட்டி சாதாரண வீட்டுக் கடனைவிடக் கூட. கட்டாத வட்டி முதலோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஏறும். 7 வீதம் என்றால் பத்து வருடத்தில் கடன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். வீட்டு வரி, காப்புறுதி, திருத்த வேலைகளும் உங்கள் பொறுப்புத்தான்.

நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று இருக்கிறது. அந்த வீடு நீங்கள் நிரந்தரமாக வசிக்கும் வீடாக இருக்க வேண்டும். வருடத்தில் ஆறு மாதமாவது அங்கே இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். கடனை எடுத்துவிட்டு நிலாவெளியில் வீடு கட்டி இங்கேயே தங்கிவிடுகிற யோசனை இருந்தால், அங்கே கடன் தந்தவர்கள் முழுக் கடனையும் திருப்பிக் கேட்கலாம். இந்தப் பணத்தால் முதியோர் ஓய்வூதியம் குறையாது. ஆனால் குறைந்த வருமானம் உள்ள முதியோருக்கு அதோடு சேர்த்துத் தரும் மேலதிகக் கொடுப்பனவு, ஆறு மாதத்துக்கு மேல் கனடாவுக்கு வெளியே இருந்தால் நின்றுவிடும்.

கடன் எடுத்தவர்களில் கடைசியாக இருப்பவரும் காலமானால், வீட்டை விற்றோ வேறு வழியிலோ கடனை அடைப்பது வாரிசுகளின் வேலை. அதற்குக் கொடுக்கும் அவகாசம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். பிள்ளைகளோ சகோதரங்களோ இங்கே இருந்தால், அந்த ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றையும் சட்டத்தரணியின் இலக்கத்தையும் இப்போதே வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.