நிரல்: அழைப்பிதழிலிருந்து தேனீ ரோபோ வரை

காரிமங்கலம் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேனீ வடிவ ரோபோ ஒன்றை வைத்துப் பாடம் நடத்துகிறார். கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் 'சீக்வென்சிங்' என்பதற்குக் கரும்பலகையில் தமிழில் என்ன எழுதலாம் என்று என்னிடம் கேட்டார். 'வரிசைப்படுத்துதல்' என்று எழுதி, மனம் ஒப்பாமல் அழித்துவிட்டாராம். அழித்தது சரி. 7, 2, 5 ஆகியவற்றை ஏறுவரிசையில் எழுதுவதும் உயரப்படி நிற்பதும் வரிசைப்படுத்துதல். அங்கே ஒப்பிட ஓர் அளவு இருக்கிறது. ரோபோவுக்குச் சொல்லும் கட்டளைகளில் பெரியது சிறியது கிடையாது. எதற்குப் பின் எது என்பதே எல்லாம். 'தொடர்வரிசை'யைக் கணக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டது. மிஞ்சுவது 'நிரல்', மிஞ்சியதில் நல்லதும் அதுவே.

பழைய சொல். செய்யுளின் சொற்களை இணைத்துப் பொருள் கொள்ளும் முறையான பொருள்கோளில், நிரல்நிறை என்ற ஒன்றைத் தொல்காப்பியமே சொல்கிறது. 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது' என்ற குறளில், அன்புக்குப் பண்பும் அறனுக்குப் பயனும் நிரலாக வந்து சேர்கின்றன. பயனை முன்னே தள்ளினால் இணை குலைந்துவிடும்.

இலக்கணம் வேண்டாம் என்றால் பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழைப் பாருங்கள். 'நிகழ்ச்சி நிரல்' என்ற தலைப்பின்கீழ், முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து, கடைசியில் நாட்டுப்பண். ஆங்கிலத்தில் விழாவின் 'புரோகிராம்' கணினிக்கும் போனது. முன்கூட்டி எழுதி அறிவிப்பது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அதற்கு வேர். தமிழில் நிரலும் அதே வழியில் நடந்து நிரலர், நிரலாக்கம் என்று கிளைத்துவிட்டது. ஓர் எச்சரிக்கை: கணக்கில் அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடத்தில் நிரை கிடைவசம், நிரல் செங்குத்து. பத்தாம் வகுப்பு அண்ணனிடம் கேட்டால் அவன் வேறு பொருள் சொல்வான்.

'ரோபோ'வை நான் மொழிபெயர்ப்பதில்லை. 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் நாடகம் ஒன்றில் புழங்கவிட்ட சொல் அது. வேர்ப்பொருள் கூலியில்லாக் கட்டாய உழைப்பு, நம் கல்வெட்டுகள் 'வெட்டி' என்று குறிப்பது. கையும் காலும் இல்லாத தேனீயை 'இயந்திர மனிதன்' என்றால் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

அதன் முதுகில் முன், பின், இடம், வலம் என நான்கு அம்புகள். ஓர் அழுத்தத்துக்கு 15 சென்டிமீட்டர் நகரும், அல்லது 90 பாகை திரும்பும். அழுத்த அழுத்த நகராது. எல்லாவற்றையும் அழுத்தி முடித்துத் தொடக்கப் பொத்தானைத் தட்டினால்தான் கிளம்பும். முன்கூட்டி எழுதுவது என்று மேலே சொன்னேனே, அது இங்கே கைக்கு வந்துவிடுகிறது. ஆசிரியை விரித்த தாளில் மேலிருந்து கீழே கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி. தருமபுரிக்கு மேற்கே பென்னாகரம், ஒகேனக்கல். கிருஷ்ணகிரியிலிருந்து அருவிக்குப் போக மூன்று முன், ஒரு வலம், இரண்டு முன். வலம் என்று அழுத்தினாலே பென்னாகரம் வந்துவிடும் என்று பாதிப் பிள்ளைகள் நினைத்தார்கள். தேனீ நின்ற இடத்திலேயே திரும்பியது, அவ்வளவுதான். ஒருவன் பழைய கட்டளைகளை அழிக்க மறந்தான். புதியவை அவற்றின் வாலில் ஒட்டிக்கொள்ள, தேனீ பெஞ்சுக்கடியில் போய் முட்டியது. எந்தப் படியில் தவறியது என்று தேடும் அந்த வேலைக்கு 'வழுநீக்கம்' (டீபக்கிங்) என்று பெயர். வழுவும் இலக்கணம் தந்த சொல்தான்.

குழந்தைகளுக்கான லோகோ என்னும் நிரல்மொழியை 1967இல் சீமோர் பேப்பர்ட் முதலானோர் உருவாக்கினார்கள். அதன் கட்டளைப்படி தரையில் ஊர்ந்தது ஆமை ரோபோ. தட்டச்சு தெரியாத மழலைகளுக்காக ரேடியா பெர்ல்மன் 1970களில் பொத்தான்களைக் கொண்டுவந்தார். கணினி அறிவியலாளர் ஜெனட் விங் 2006இல் எழுதிய கட்டுரையால் பரவிய 'கம்ப்யூட்டேஷனல் திங்கிங்', அதாவது சிக்கலைப் படிப்படியாகப் பிரித்துத் தீர்க்கும் சிந்தனை, என்பதைக் 'கணினிச் சிந்தனை' என்றால் கணினி சிந்திப்பதாகத் தொனிக்கிறது. 'கணிமுறைச் சிந்தனை' என்பேன். நிரல்படுத்துதல் அதில் ஒரு பகுதி.

ஆசிரியை 'நிரல்படுத்துதல்' என்றே எழுதி, ராகிக் களியை உதாரணம் காட்டினார்: நொய் வேக வேண்டும், மாவைக் கிளறாமல் மேலே கொட்ட வேண்டும், அது வெந்த பிறகே துடுப்பு. மாற்றிச் செய்தால் கட்டி தட்டும். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, தங்கள் வீட்டில் நொய்யே போடுவதில்லை என்றாள். அந்த நிரலில் ஒரு படி குறைவு.