எலும்பு ஒட்டு அறுவை: எந்த அட்டை, யாருடைய எலும்பு, எதற்குப் பணம்?

விபத்து நடந்த அன்றே யாரும் "எலும்பு ஒட்டு வைக்கணும்" என்று சொல்வதில்லை. முறிந்த எலும்பு தானாகக் கூடாவிட்டால், அந்த இடத்தில் எலும்புத் துண்டோ அதற்கு மாற்றான பொருளோ வைத்துக் கூட வைக்கும் அறுவை அது. பெரும்பாலும் பல மாதம் கழித்து வரும் பேச்சு. இடையில் போகும் இந்த மாதங்கள்தான் குடும்பத்தைச் செலவில் மாட்டிவிடுகின்றன. விபத்துக்கென்று அரசு தரும் உதவி முதல் சில நாட்களோடு முடிந்துவிடும். ஒட்டு அறுவைக்கு நாள் குறிக்கும்போது கையில் வேறொரு அட்டை இருக்க வேண்டும்.

கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கம் டூவீலரில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்த எலும்பின் முன்பக்கத்தில் சதை கிடையாது, தோல் மட்டும்தான். அதனால் ரத்த ஓட்டமும் குறைவு. ராடு வைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாதாமாதம் எக்ஸ்ரே. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே கோடு, அதே இடத்தில், அதே அகலத்தில் இருக்கிறது. ஒன்பது மாதம் ஆகியும் எலும்பு கூடாமல், கடைசி மூன்று மாதப் படங்களில் எந்த முன்னேற்றமும் இல்லாவிட்டால் அதை 'நான்-யூனியன்' என்பது வழக்கம். சர்க்கரை, பீடி சிகரெட், புண்ணில் சீழ் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். ராடு வைத்த காலைக் கொண்டுபோய்ப் புத்தூர் கட்டு கட்டி எண்ணெய் போட்டு நீவிவிடுவதும் நம் பக்கம் உண்டு. எலும்பு கூடும் இடத்தை அசைத்துக்கொண்டே இருந்தால் அது எப்படிக் கூடும்?

முதலில் விபத்துத் திட்டங்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ரேஷன் அட்டை, வருமானச் சான்று எதுவும் தேவையில்லை, வெளிமாநிலத்தவர் அடிபட்டாலும் பொருந்தும். இதில் ஒரு சிக்கல், விபத்து எந்த எல்லைக்குள் நடந்தது என்பது. கடலூர்–புதுச்சேரி சாலையில் கன்னியக்கோயில் புதுச்சேரி ஆட்சி, கொஞ்சம் தள்ளி ரெட்டிச்சாவடி தமிழ்நாட்டு ஆட்சி. புதுச்சேரி எல்லைக்குள் அடிபட்டவருக்கு மத்திய அரசு 2025 மே 5 முதல் நடைமுறைப்படுத்திய கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை. இரண்டுமே உயிர் காக்க வந்தவை. ஒன்பதாம் மாதத்து ஒட்டு அறுவைக்கு இரண்டும் வராது.

அதற்கு வருவது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இது இணைக்கப்பட்டிருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற பழைய வரம்பை 1,20,000 ஆக உயர்த்திவிட்டார்கள். பழைய கணக்கை நினைத்து "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று இருப்பவர்கள் மறுபடி பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, குடும்பத்தார் ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993, கட்டணமில்லா எண்.

இதை எப்போது செய்வது? கால் மாவுக்கட்டில் இருக்கும்போதே. அறுவைக்குத் தேதி கொடுத்த பிறகு சான்றுக்கு அலைவது நடைமுறையில் பெரிய தொல்லை. நோயாளியால் நடக்க முடியாது, கூட இருப்பவர்தான் வேலையை விட்டு அலைய வேண்டும். முக்கியமாக, பணம் கட்டி அறுவை செய்துகொண்டு பில்லைக் காட்டித் திரும்பக் கேட்கும் திட்டம் இல்லை இது. மருத்துவமனை எக்ஸ்ரேயும் ரிப்போர்ட்டும் அனுப்பி, முன் அனுமதி வாங்கி, அதன் பிறகுதான் அறுவை.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் அட்டை. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று 14555 எண்ணில் கேட்கலாம். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் தரும் அட்டை 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. வீட்டில் தாத்தா பாட்டி விழுந்து இடுப்பு உடைந்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்கு ஆயுஷ்மான் அட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். கடலூரிலிருந்து அங்கே போகிறவர்கள், தங்கள் காப்பீட்டு அட்டை எண்ணை முதல் நாளே காப்பீட்டுப் பிரிவில் காட்டிப் பதிய வைத்துக்கொள்வது நல்லது.

"அரசு மருத்துவமனையில்தான் எல்லாமே இலவசமாச்சே, அங்கே எதுக்கு அட்டை கேட்கிறாங்க?" நியாயமான கேள்வி. அந்த அட்டையின் பேரில் மருத்துவமனைக்குக் காப்பீட்டுத் தொகை வருகிறது. பிளேட், ஸ்குரு மாதிரியான சாமான்கள் வாங்க அந்தப் பணம் உதவுகிறது. கொடுப்பதால் உங்களுக்குக் கைப்பணம் போகாது.

இனி அறுவைக்கு வருவோம். வார்டில் எல்லோரும் கேட்பது, "யாரோட எலும்பை வைப்பாங்க?" பெரும்பாலும் உங்களுடையதேதான். இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து முறிந்த இடத்தில் வைப்பார்கள். முறிந்த காலைவிட எலும்பு எடுத்த இடுப்புதான் சில வாரம் அதிகம் வலிக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போகும். நிறைய எலும்பு வேண்டியிருந்தால் மட்டும் எலும்பு வங்கியிலிருந்து பிறர் எலும்பு, அல்லது கால்சியம் உப்புகளால் செய்த செயற்கைப் பொருள். எதுவானாலும் வேலை ஒன்றே. புடலங்கொடிக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பது போல, உங்கள் எலும்பு ஏறி வளர ஒரு பிடிமானம். மெல்ல மெல்ல அதை அரித்துவிட்டுச் சொந்த எலும்பு அங்கே உட்காரும். மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம், பீடி குடித்தால் இன்னும் இழுக்கும்.

பிறர் எலும்பு என்றதும் சிறுநீரக மாற்று நினைவுக்கு வந்து, "ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிடணுமா?" என்று பயப்படுகிறார்கள். வேண்டாம். வங்கி எலும்பைக் கழுவி, பதப்படுத்தி, பெரும்பாலும் காமா கதிரால் கிருமி நீக்கித்தான் தருகிறார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை இதற்குத் தேவைப்படுவதில்லை. கொடையாளியின் ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் (சிபிலிஸ்) ஆகியவற்றுக்குப் பரிசோதனை உண்டு. எலும்பு எங்கிருந்து வருகிறது என்றால், இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் அகற்றும் பந்து போன்ற எலும்புத் தலையை நோயாளி சம்மதித்தால் வங்கிக்கு எடுத்துக்கொள்வார்கள். இறந்தவரின் குடும்பம் தானமாகத் தருவதும் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இயங்குகிறது.

இப்போது பில். 1994 ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011 திருத்தம் திசுக்களையும் சேர்த்தது. எலும்பு, தோல், கருவிழி, இதய வால்வு எல்லாம் அதில் அடக்கம். யூனியன் பிரதேசங்கள் அனைத்துக்கும் அந்தத் திருத்தம் நேரடியாகப் பொருந்துவதால் புதுச்சேரிக்கும் அதுவே சட்டம். திசுவைக் காசுக்கு விற்றாலோ வாங்கினாலோ ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் முதல் 25 லட்சம் வரை அபராதம். அப்படியானால் பில்லில் 'போன் கிராஃப்ட்' (எலும்பு ஒட்டு) என்று எப்படித் தொகை வருகிறது? எடுத்தல், கொண்டுவருதல், பதப்படுத்திக் காத்தல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவைச் சட்டம் விற்பனையாகக் கருதுவதில்லை. அந்தத் தொகை அதற்கானது. எலும்புக்கு விலை இல்லை, வேலைக்குக் கூலி உண்டு. எந்த வங்கியின் எலும்பு, அந்த வங்கி பதிவு பெற்றதா என்று தயங்காமல் கேட்கலாம்.

திட்டத்தில் அனுமதி வாங்கிய அறுவை என்றால் அந்தத் தொகையையும் உங்களிடம் தனியாகக் கேட்கக் கூடாது. "அட்டை ஆபரேஷனுக்குத்தான், கிராஃப்ட்டுக்குத் தனி" என்று யாராவது சொன்னால் எழுதிக் கேளுங்கள், ரசீது கேளுங்கள், மேலே உள்ள எண்களில் புகார் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல இடங்களில் பேச்சு மாறிவிடும்.

பல் விஷயம் வேறு. இம்பிளான்ட் (தாடையில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைப்பதற்காகத் தாடையில் போடும் எலும்புத் தூளுக்குக் காப்பீடு எதிர்பார்க்க வேண்டாம். அந்தத் தூள் பல நேரங்களில் மாட்டெலும்பிலிருந்து வருவது. மத நம்பிக்கையாலோ உணவுப் பழக்கத்தாலோ வேண்டாம் என்பவர்கள் நாற்காலியில் படுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், மாற்று இருக்கிறது.

தீக்காயத்துக்கு வைக்கும் தோல் ஒட்டும் பெரும்பாலும் சொந்தத் தொடைத் தோல்தான். பிறர் தோல் வைத்தாலும் அது சில வாரம் புண்ணை மூடிக் காக்கத்தான், நிலையாக ஒட்டாது. அதற்கு ரத்தப் பிரிவு பொருந்த வேண்டியதில்லை.

அறுவை முடிந்து கிளம்பும் நாளில் இரண்டு வேலை. ஆயுஷ்மான் பாரத் விதிப்படி டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் மருந்துச் செலவும் திட்டத்துக்குள் வரும், அந்த மருந்தை வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். பிளேட், ராடு, வங்கி எலும்பு, செயற்கை எலும்பு எது வைத்தாலும் அதன் டப்பாவில் தொகுதி எண்ணோடு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றை டிஸ்சார்ஜ் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பிறகு சீழ் பிடித்தாலோ, வேறு ஊரில் ராடு எடுக்க வேண்டி வந்தாலோ, அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.