மயிரிழையில் நிற்கும் எழுத்து

நகைக்கடைப் பலகை, கல்யாண அழைப்பிதழ், திருப்பூரில் தைக்கும் பெண்கள் உடையின் டேக். ஆடம்பரம் தெரிய வேண்டிய இடங்களில் ஒரே ஜாடையுள்ள ஆங்கில எழுத்து அடிக்கடி கண்ணில் படும். நிற்கும் கோடு கனத்திருக்கும், படுக்கும் கோடு மயிரிழை. முனைகளில் செரிஃப் என்னும் குறுங்கோடும் வளைந்து சேராமல், வெட்டி வைத்ததுபோல் இழையாகவே நிற்கும். டிடோ, பொடோனி என்னும் எழுத்துருக்கள் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இதன் பின்னால் இருப்பது கூர்முனை நிப். கீழே இழுக்கும்போது அழுத்தினால் நிப்பின் பிளவு விரிந்து கோடு தடிக்கும். கையை லேசாக்கினால் இழை. நம் எழுத்தாணிக்கு இது கிடையாது. ஓலையில் அதன் கீறல் ஏறக்குறைய ஒரே பருமன்தான். ஆனால் அந்த இழையை ஈயத்தில் வார்த்து அச்சடிக்க, மை பரவாத வழவழப்பான தாள் வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சாளர் ஜான் பாஸ்கர்வில் 1750-களில் அதற்கு வழி திறந்தார். பிறகுதான் பாரிஸில் ஃபிர்மான் டிடோவும் இத்தாலியின் பார்மாவில் பொடோனியும் இழையை இந்த அளவுக்கு மெலிய வைத்தார்கள்.

அழகும் ஆபத்தும் அந்த இழையில்தான். எழுத்தின் உயரத்தில் 40-ல் ஒரு பங்கு இழை என்று வைத்துக்கொள்வோம். கோவை அவினாசி ரோட்டில் 40 செ.மீ. எழுத்துள்ள பலகை என்றால் இழை 1 செ.மீ. சராசரிக் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் (டிகிரியில்) 60-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் சுமார் 34 மீட்டர் தாண்டினால் இழை மங்கத் தொடங்கும். பெரிய 'என்' (N) எழுத்தில் விதிவிலக்காக இரண்டு கால்களுமே இழை, நடுச் சாய்கோடு மட்டும் கனம். தூரத்தில் வண்டியில் வருபவருக்குச் சாய்ந்த ஒரு குச்சிதான் மிஞ்சும். 'ஓ' (O) இரண்டு அடைப்புக்குறிகளாகப் பிரிந்துவிடும்.

பனியன் துணியில் நிலைமை இன்னும் மோசம். 3 மி.மீ. எழுத்துக்கு இழை 0.075 மி.மீ. துணியில் அச்சடிக்க மையை இறக்கும் வலைதான் ஸ்கிரீன். சென்டிமீட்டருக்கு 43 நூல் உள்ள ஸ்கிரீனில் ஒரு நூலும் ஒரு கண்ணும் சேர்ந்து 0.23 மி.மீ. அந்த இழை எப்படி இறங்கும்? அப்படியே இறங்கினாலும் பின்னலின் மேடுபள்ளத்தில் புள்ளி புள்ளியாக அறுந்துவிடும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஹார்ப்பர்ஸ் பஸார் என்ற ஃபேஷன் பத்திரிகைக்காக எழுத்துரு வடிவமைப்பாளர் ஜோனாதன் ஹெஃப்லர் டிடோவை ஏழு அளவுகளுக்குத் தனித்தனியாக வரைந்தார். சின்ன அளவுக்கான வடிவத்தில் இழை தடித்திருக்கும், பெரிய அளவில் மெலிந்திருக்கும். எந்த அளவில் அச்சிட்டாலும் இழை இழையாகவே தெரியும். தலைப்புக்கு வரைந்த எழுத்தை அப்படியே சுருக்கி லேபிளில் போடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

ஆர்ட் அட்டையில் ஆஃப்செட்டில் அடிக்கும் டேக்கில் பிராண்ட் பெயரைத் தாராளமாக இந்த எழுத்தில் போடலாம். வாஷ்கேர் லேபிளில் சலவைக் குறிப்புக்கு வேண்டவே வேண்டாம். கழுத்து லேபிளில் போட்டே ஆக வேண்டுமா? சரி, அதே துணியில் அசல் அளவிலேயே ஒரு சாம்பிள் அடித்து, துவைத்து, 'என்' எழுத்தின் கால்கள் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகு ஆர்டரை ஓட்டுங்கள்.